மூன்று திரைகளும் என் கையும்

என் தங்கைக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இனி அவளுடைய காது நான்தான் என்று வீட்டில் யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. ரொட்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தாலும், அம்மா கொல்லையிலிருந்து கத்தினாலும், இடி இடித்தாலும் நான் அவள் பக்கம் திரும்பிக் கையால் சொல்வேன். இப்போது எனக்கு முப்பத்தாறு, அவளுக்கு இருபத்தாறு. பழக்கம் மட்டும் விடவில்லை.

மலேசியாவில், தம்பின் என்ற ஊருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. நான் தோட்ட ஆபீசில் கிராணி, கணக்கு எழுதுகிறவள். தங்கை தம்பினில் ஒரு பேரங்காடியில் சரக்கு அடுக்குகிறாள். சாயங்காலம் வந்து குளித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவள் வேறு ஆள். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறு பக்கம், சந்து சந்தாக ஒளிந்து சுட்டுக்கொள்ளும் விளையாட்டு அது. எனக்கு ஆரம்பத்தில் அந்த விளையாட்டைக் கண்டாலே ஆகாது. "கல்யாண வயசுல துப்பாக்கி புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா பாரு" என்று அம்மாவிடம் மூட்டிவிட்டதே நான்தான்.

பிறகு ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் எதிரியின் காலடிச் சத்தத்தைக் கேட்டே திரும்பிக்கொள்கிறார்கள். இவள் கண்ணில் பட்ட பிறகுதான் திரும்ப வேண்டும். அப்படியும் பத்துக்கு ஆறு தடவை ஜெயிக்கிறாள். காது கேட்டிருந்தால் பத்தும் ஜெயித்திருப்பாள். அநியாயம் இல்லையா? கம்ப்யூட்டரோடு வந்து சும்மா கிடந்த ஹெட்செட்டை எடுத்து நான் மாட்டிக்கொண்டேன். அதன் ஒயர் குட்டை. அதனால் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக் கீழே உட்கார்ந்தேன். இடது காதில் காலடி கேட்டால் அவள் தொடையில் ஒரு தட்டு, வலது காதில் கேட்டால் இரண்டு தட்டு, பின்னால் கேட்டால் ஒரு கிள்ளு. இரண்டு வருஷமாக எங்கள் சாயங்காலம் இப்படித்தான் போனது. அவள் ஜெயித்தால் நான் ஜெயித்த மாதிரி ஆபீசில் சிரித்துக்கொண்டிருப்பேன்.

சிரம்பான் டவுனுக்குப் பக்கத்தில், பாரோயில் பெண்கள் மட்டும் விளையாடும் குழு ஒன்று உண்டு. ஐந்தாவது ஆளாக ஆட அவர்களுக்கு ஒருத்தி தேவைப்பட்டாள். இணையத்தில் இவள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து விளையாடிக் காட்டச் சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தார்கள். திரையையும் மௌசையும் அவரவர் கொண்டுவரலாம், ஆனால் ஆடுபவர் பக்கத்தில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது அவர்கள் நிபந்தனை.

போனை என்னிடம் நீட்டிவிட்டு அவள் கையால் சொன்னாள். "எனக்குக் காது கேக்காதுன்னு அவங்களுக்குத் தெரியாது. ஆட்டத்த மட்டும் பாத்துக் கூப்ட்டிருக்காங்க."

அதை இரண்டு தடவை சொன்னாள். பேரங்காடி வேலை உடற்குறையுள்ளவர்களுக்கான ஒதுக்கீட்டில் கிடைத்தது. கோயிலில் அவளை முன் வரிசையில் உட்கார வைப்பது பாவப்பட்டு. இருபத்தாறு வருஷத்தில் அவளுடைய திறமைக்காக மட்டும் யாரோ கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. இது கைநழுவக்கூடாது என்று எனக்கு வந்த வேகம் இருக்கிறதே, அதில்தான் எல்லா வினையும் வந்தது.

வீட்டில் இருந்தது ஆபீசில் கழித்துக் கட்டிய பழைய திரை. நானே சிரம்பானுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். அவளைக் கேட்கவில்லை. வளைந்த திரை, விளிம்பே இல்லாத அழகு. பெட்டியின் மேல் 'ஒரு மில்லிசெகண்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு செகண்டை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதற்குள் படம் மாறிவிடுமாம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று காடியின் பின் சீட்டில் ஏற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வேறு. அம்மா சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். புதுப் பொருள் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் அதைத் தொட விடமாட்டாள். ஃபிரிட்ஜுக்கும் வைத்திருக்கிறாள், என் காடிக்கும் வைத்திருக்கிறாள்.

"ஏய் பெரியவளே, இதுல எங்கடி பொட்டு வைக்கிறது? விளிம்பே இல்லையே!"

நான் குளியலறையில் இருந்தேன். "எங்கயாச்சும் வைம்மா! உன்னோட பெரிய சூசா லா, ஒரே தொல்லை!" என்று கத்தினேன்.

அம்மா வைத்தாள். நெற்றியில் வைப்பது போல, திரையின் மேல்பாதியில், நட்ட நடுவில், ஐம்பது காசு அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். சூடம் காட்டினாள். மறுநாள் காலையில் ஆட்டத்துக்கு மறைக்கிறதே என்று பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் சோப்பு போட்டுத் தேய்த்து எடுத்ததும் அவளேதான். பொட்டு போனது. அந்த இடத்தில் திரையின் மேல்பூச்சும் போய், மங்கலாக ஒரு வட்டம் நின்றுவிட்டது.

அதை விடுங்கள், ஆட்டத்துக்கு வருகிறேன். புதுத் திரையில் தங்கை தோற்றாள். முதல் நாள் தோற்றாள், இரண்டாம் நாளும் தோற்றாள், வாரம் முழுக்கத் தோற்றாள். வெளிச்சமான தெருவில் நன்றாக ஆடுபவள் இருட்டுச் சந்துக்குள் போனால் தடுமாறினாள். எனக்குக் கோபம். தேர்வுக்கு இன்னும் இரண்டே வாரம். "புதுசு பழகணும்" என்று அவள் சொன்னபோது நான் பட்டென்று, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் அதுதான் ஆயுதம். கண்ணை மூடிவிட்டால் யாரும் அவளிடம் பேச முடியாது. நான் எதிரே நின்று என்ன கத்தினாலும் சுவரோடு கத்துவதுதான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். என் தலையைப் பிடித்துத் திரை பக்கம் திருப்பினாள். விளையாட்டில் ஒரு இருட்டுச் சந்துக்குப் போய்ப் பார்வையை இடமும் வலமுமாக வேகமாகத் திருப்பிக் காட்டினாள். சுவரோரம் நின்ற கறுத்த உருவம், ஈர மையைக் கையால் இழுத்துவிட்ட மாதிரி பின்னால் ஒரு வாலோடு நகர்ந்தது. உருவம் எது, வால் எது என்று பிரிக்க முடியவில்லை. உண்மையாகவே கூடம் கோணல்தான்.

"எப்போருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"மொத நாளே."

"ஏன்டி சொல்லல?"

"நீ ஆசையா வாங்கிட்டு வந்த."

எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் திரையைப் பெட்டியில் போட்டு மறுநாளே சிரம்பானுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன் விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தான், அந்த வட்டத்தைக் கண்டுபிடித்தான். "என்னாக்கா இது? பொட்டு வெச்சிங்களா?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "மேல கீறல் இருந்தா மாத்த போலே இல்லக்கா, முடியாது. சாரி" என்றான். அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எகிறினேன். "நீதானடி எங்கயாச்சும் வைன்னு சொன்ன? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு" என்றாள் அம்மா. 

தம்பின் பாசாரில், சந்தைப் பக்கம், பழைய கம்ப்யூட்டர் சாமான் வாங்கி விற்கும் அங்கிள் ஒருவர் இருக்கிறார். எங்கள் ஆபீஸ் பிரிண்டரைப் பத்துத் தடவை பிழைக்க வைத்தவர். கடைசி நம்பிக்கையாகத் திரையைத் தூக்கிக்கொண்டு, தங்கையையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் வட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

"திரை நல்ல திரைதாம்மா. இது வி.ஏ.ன்னு ஒரு வகைப் பேனல். கறுப்பு நல்லா கறுப்பா இருக்கும். படம் பாக்கிறவனுக்கு அமிர்தம். ஆனா ஒரு கறுப்புலேருந்து இன்னொரு கறுப்புக்கு மாற இதுக்கு நேரம் எடுக்கும். இருட்டுல ஓடுறவன் வாலோடதான் ஓடுவான்."

"பெட்டில ஒரு மில்லிசெகண்டுன்னு போட்டிருக்கே அங்கிள்!"

"பொண்ணு பாக்க வர்றப்போ மாப்பிள்ளையும் நல்லாத்தான் பேசுவான். அது நல்ல நேரம் பாத்து அளந்த கணக்கும்மா. தெனப்படி கொணம் வேற."

தங்கைக்கு நான் கையால் சொன்னேன். மாப்பிள்ளை கதையையும் சேர்த்துத்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அங்கிளுக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போனது. உள்ளே போய் இரண்டு திரைகளைத் தூக்கி வந்தார். ஒன்று டி.என். பேனல்: நிறம் வெளிறிக் கிடக்கும், ஆனால் வேகம். இன்னொன்று ஐ.பி.எஸ்.: நிறமும் உண்டு, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் படம் மாறாது, வேகம் டி.என்.னுக்கு ஒரு நூல் குறைவு. ஓலெட் என்று ஒன்று இருக்கிறதாம், எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுமாம். "அது என் கடைக்கு வர்றதுக்குள்ள எனக்குக் கண்ணு தெரியாமப் போயிடும் லா" என்றார். இரண்டையும் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதையும், விலைக்கு ஈடாகப் பொட்டு வைத்த திரையையும் தம்மிடம் கொடுத்துவிடச் சொன்னார்.

அந்த ஞாயிறு மத்தியானம் கூடத்து மேசையில் மூன்று திரைகளும் வரிசையாக உட்கார்ந்தன. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க எனக்கு இஷ்டமில்லை. நான் கிராணி, எதையும் எழுதிப் பார்த்தால்தான் நம்புவேன். என் போனில் செகண்டுக்கு இருநூற்று நாற்பது படம் பிடிக்கும் மெதுவோட்ட வசதி இருந்தது. போனை அலமாரியின் மேல், பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்தேன். திரை, அவளுடைய மௌஸ் பிடித்த கை, கீழே முக்காலியில் வழக்கம்போல ஹெட்செட் மாட்டித் தட்டிக்கொண்டிருந்த நான், எல்லாமே அதில் விழுந்தன. ஒவ்வொரு திரையிலும் அதே இருட்டுச் சந்தில் ஆட்டம். அம்மா வெற்றிலையை மென்றுகொண்டு, "என்னமோ எக்ஸ்ரே எடுக்கிற மாதிரில்ல இருக்கு" என்றாள்.

பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தோம். வி.ஏ. திரையில் உருவம் நகர்ந்த பிறகும் பழைய நிழல் ஐந்தாறு படம் வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. டி.என்.னில் ஒரே படத்தில் துடைத்துவிட்டது. ஐ.பி.எஸ்.ஸில் இரண்டு படம், சில இடத்தில் இரண்டரை என்று சொல்லலாம். நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.

திரையில் எதிரி சந்து முனையில் எட்டிப் பார்க்கிறான். தங்கையின் மௌஸ் கை திரும்புகிறது. சுடுகிறாள். அவன் விழுகிறான். அதற்குப் பிறகு, நிதானமாக, என் கை மேலே எழும்பி அவள் தொடையில் ஒரு தட்டு தட்டுகிறது. எண்ணிப் பார்த்தேன். அவள் கை திரும்பியதற்கும் என் கை பட்டதற்கும் நடுவே முப்பத்தெட்டுப் படங்கள். திரைகளுக்குள் ஒன்றா ஐந்தா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த எனக்கு முப்பத்தெட்டு!

வேறு இடத்தைப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். சத்தம் என் காதில் விழுந்து, இடதா வலதா என்று யோசித்து, ஒரு தட்டா இரண்டு தட்டா என்று முடிவு பண்ணிக் கையைத் தூக்குவதற்குள் அவள் எதிரியைக் கண்ணாலேயே பார்த்து முடித்துவிடுகிறாள். இரண்டே இரண்டு இடத்தில் மட்டும் நான் முந்தியிருந்தேன். அந்த இரண்டிலும் பக்கத்தை மாற்றித் தட்டியிருந்தேன்.

நான் நோட்டை மூடினேன். இரண்டு வருஷம் அவளுக்குக் காதாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேனே. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

"உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

தெரியும் என்று அவள் தலையாட்டினாள்.

"அப்புறம் எதுக்குடி என்னைத் தெனம் ஒக்கார வெச்ச?"

அவள் கையால் சொன்னாள். "நீ தட்டுறப்போ எனக்குப் பயம் இல்ல."

நான் எழுந்து பின்வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். அழுகை வந்தது. அம்மா பின்னாலேயே வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

திரும்பி வந்தபோது அவள் ஐ.பி.எஸ். திரையை எடுத்து நடுவில் வைத்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "டி.என். தானே வேகம்? நோட்டுல எழுதியிருக்குல்ல? அத எடு!" என்றேன். அவள் என்னை முக்காலியில் உட்கார வைத்தாள். டி.என். திரையைப் போட்டுக் காட்டினாள். கீழேயிருந்து பார்த்தால் அதில் படமே சரியாகத் தெரியவில்லை. வெளிச்சம் இருட்டாகவும் முகம் நிழலாகவும் தலைகீழாகக் கிடந்தது. பிறகு ஐ.பி.எஸ்.ஸைக் காட்டினாள். அதே முக்காலியிலிருந்து எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"இதுலதான் நீ பாக்க முடியும்" என்றாள்.

"என்னைப் பாக்காத, வேகத்தப் பாரு! உனக்கு இது ஒரே ஒரு சான்ஸ்!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு நாள் அந்தச் சண்டை ஓடியது. நான் டி.என். திரையை மாட்டிவிட்டு ஆபீசுக்குப் போவேன், அவள் வந்து ஐ.பி.எஸ்.ஸை மாட்டி வைப்பாள். மூன்றாம் நாள் நான்தான் விட்டுக்கொடுத்தேன். மற்ற இரண்டையும் அங்கிளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நான் ஹெட்செட் மாட்டவில்லை, தட்டவும் இல்லை. முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அவள் இருட்டுச் சந்தில் திரும்பவும் ஜெயிக்கத் தொடங்கினாள்.

பாரோயில் அந்தக் குழு ஆடும் இடம் ஒரு கடைவீட்டின் மாடி. திரையை நான் தூக்கிவந்து வைத்துவிட்டு, அவர்கள் காட்டிய கடைசிச் சுவரோரத்தில் போய் உட்கார்ந்தேன். குழுவின் தலைவி சின்னப் பெண், இருபத்தொன்று இருக்கலாம். தங்கைக்குக் காது கேட்காது என்று அங்கேதான் முதன்முதலாகச் சொன்னேன். அந்தப் பெண் ஒரு நிமிஷம் திகைத்தாள். "ஓக்கே, ஆடட்டும்" என்றாள்.

முதல் மூன்று சுற்றிலும் தங்கை தோற்றாள். ஹெட்செட் இல்லாமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பதை மற்றவர்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.  என் கை தன்னால் என் தொடையிலேயே தட்டத் தொடங்கியது. கையை எடுத்து அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். நான்காவது சுற்றில் அவளுடைய விறைத்த தோள் இறங்கி, நிதானத்துக்கு வந்தாள். இருட்டான ஒரு சரக்குக் கிட்டங்கிக்குள் தனியாக நுழைந்து, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேரை வீழ்த்தினாள். யாரோ "வோய்!" என்று கத்தினார்கள். அது அவளுக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு அவள் நிற்கவே இல்லை.

முடிந்ததும் அந்த நால்வரும் மூலையில் நின்று பேசினார்கள். தலைவி நேராக என்னிடம் வந்தாள். தங்கையும் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அவங்கள எடுத்துக்கிறோம்" என்றாள்.

நான் திரும்பிக் கையால் சொன்னேன். தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த முகத்தை என்னால் எழுத முடியாது.

"வாரத்துல ரெண்டு நாள் பிராக்டிஸ் இருக்கும்கா. நீங்களும் கூட வாங்க. அவங்க பக்கத்துல உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டுடுறோம். நாங்க பேசுறத நீங்க சொல்லிக் கொடுக்கலாம்."

என் மனசு அந்த நொடியே நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆபீசில் எந்த நாளில் சீக்கிரம் கிளம்பலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். ஆனாலும் அவளிடம் சொல்ல வேண்டுமே, சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலைவியைப் பார்த்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கையால் சொன்னாள்.

அவள் வார்த்தையை வாயால் சொல்ல வேண்டியவள் நான்தான். கிளினிக்கிலும் பேங்கிலும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் அவள் சொன்னதில் பாதியை நான் எனக்குத் தோன்றியபடி மாற்றிச் சொல்லியிருக்கிறேன். அவள் நல்லதுக்கு என்றுதான் செய்தேன். இன்றைக்கும் மாற்றிவிடலாம், இங்கே கையைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

"அக்கா வர வேணாம்" என்றேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். "நா பஸ் எடுத்துத் தனியா வருவேன். நீங்க சொல்ல வேண்டியத போன்ல எழுதிக் காட்டுங்க. கையால பேச நா உங்களுக்குச் சொல்லித் தர்றேன்."

தலைவி என்னைப் பார்க்கவில்லை. தங்கையின் முகத்தை நேராகப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள்.

அப்போது தங்கை என் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் சொன்னாள். "வீட்டுக்கு வந்து, இங்க நடந்தத எல்லாம் ஒண்ணு விடாம உனக்கு நா சொல்றேன்."

"இப்ப என்னமோ சொன்னாங்களே, என்னாக்கா?" என்று தலைவி கேட்டாள்.

"அது எனக்குச் சொன்னது லா" என்றேன்.